வெற்றிலை நரம்பு

சனிக்கிழமை இங்க சிங்கப்பூர்ல தேக்கா மார்க்கெட்ல வாங்கின வெற்றிலைய எங்க அத்தை பேப்பர் மேல பரப்பி ஒவ்வொண்ணா துடைச்சு, காம்ப கிள்ளி நுனிய கிள்ளி, அப்புறம் இலைய திருப்பிப் போட்டு நகத்தால நரம்ப பிடிச்சு சர்ருன்னு உரிப்பாங்க. எத்தனை வருஷமா பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன், ஆனா அந்த நரம்பு எங்க கிளம்பி எங்க போகுதுன்னு இந்த வாரம்தான் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன்.

ஸ்கூல்ல படிச்சது ஞாபகம் இருக்கும். புல்லு, நெல்லு, வாழை மாதிரி ஒருவித்திலைன்னா (விதையில ஒரே பருப்பு) நரம்பு இணையா ஓடும், மா, அரசு மாதிரி இருவித்திலைன்னா (ரெண்டு பருப்பு) வலையா பின்னியிருக்கும். வெற்றிலைல காம்புக்கிட்டயே அஞ்சாறு தடிச்ச நரம்பு பிரிஞ்சு, வில்லு மாதிரி வளைஞ்சு நுனிய பாத்துப் போகுது, நடுவுல பூரா பொடி வலை. இப்போ தாவரவியல்ல மிளகு வெற்றிலை குடும்பத்த அந்த ரெண்டு பக்கமும் சேக்காம, மக்னோலியாங்கற பூமரத்தோட தனியா வெச்சிருக்காங்களாம், படிச்சதும் எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

அதுலேருந்து நடக்கப் போனா இலைதான் பாக்கறேன். ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் புன்னை மரம் நிக்குதுல்ல, மலாய்ல பெனாகா லாவுட்ன்னு சொல்வாங்க, அது இருவித்திலைதான், ஆனா பக்க நரம்பெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி நெருக்கமா இணையா ஓடுது, கிட்டத்தட்ட குட்டி வாழையிலை. நேர்மாறா சேம்பு ஒருவித்திலை, இலையில வலை! செண்டுடோக் செடி இன்னும் அழகு, சிங்கப்பூர் ரோடோடெண்ட்ரான்னும் பேரு உண்டு ஆனா ரோடோடெண்ட்ரான் குடும்பமே கிடையாது. அடியிலேருந்து நுனி வரைக்கும் மூணு அஞ்சுன்னு நீள நரம்பு, குறுக்க ஏணிப்படி மாதிரி சின்ன நரம்பு. அதோட பழத்த தின்னா நாக்கு கருத்துப்போகும்.

நரம்புக்குள்ள ரெண்டு குழாய், ஒண்ணு வேர்லேருந்து தண்ணி கொண்டாரும், இன்னொண்ணு இலை சமைச்ச சர்க்கரைய வெளிய எடுத்துட்டுப் போகும். இலை காத்துலேருந்து கார்பன் டை ஆக்சைடு எடுக்க வாயத் தொறந்தா தண்ணி ஆவியா போயிரும், அத ஈடுகட்டத்தான் இத்தனை நெருக்கமா குழாய். ஒரு சதுர மில்லிமீட்டர் இலையில இருக்கற நரம்ப நீட்டிப் போட்டா பூக்கற செடிகள்ல சராசரியா 8 மில்லிமீட்டர் வருது, பெரணி, ஊசியிலை மரமெல்லாம் சுமார் 2 தான். பூச்செடிங்க உலகம் பூரா பரவினதுக்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க, எனக்கு அது ரொம்ப சரியா படுது. வலையில இன்னொரு வசதி, புழு ஒரு இடத்துல கடிச்சு நரம்பு அறுந்தாலும் தண்ணி சுத்திட்டு வேற வழியா போயிரும். வாழைக்கு காத்தடிச்சா இலை பக்க நரம்போட போக்குலயே கிழியும், கிழிஞ்ச துண்டுக்கும் நடுத்தண்டுலேருந்து தண்ணி வந்துட்டேதான் இருக்கும்.

கீழ விழுந்த அரச இலை ரெண்டு பொறுக்கிட்டு வந்தேன், பூங்காவுல மரத்துலேருந்து பறிக்கக் கூடாது. பின்னாடி சர்வீஸ் யார்டுல வாளித் தண்ணில ஊறப்போட்டாச்சு, சதையெல்லாம் அழுகிப் போக சில வாரம் ஆகும். அத்தைதான் தினம் தண்ணிய மாத்தறாங்க, பழைய டூத்பிரஷால மெதுவா தேச்சா நரம்பு வலை மட்டும் நிக்கும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்.