வேன் அங்கிளும் எங்கள் பிள்ளைகளும்

ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டதும் கொழும்பு பம்பலப்பிட்டிப் பக்கம் காலி வீதி எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. அந்த நெரிசலில்தான் எங்கள் பிள்ளைகளின் பாடசாலை வேன் அங்கிள் ஒரு கையில் போனோடு வேன் ஓடுகிறார். சீட்டுகளுக்கு நடுவில் மரவாங்கு போட்டு மேலதிகமாகப் பிள்ளைகளை ஏற்றியிருக்கிறார். வாங்கில் இருப்பதெல்லாம் சின்னதுகள், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. சடுதியாக பிரேக் அடித்தால் முன்சீட்டில் போய் முட்ட வேண்டியதுதான்.

கேட்டால், "இதுகள் போடுற சத்தத்தில எப்படி ஓடுறது?" என்கிறார். அதுவும் பொய்யில்லை. பெரிய வகுப்புப் பொடியன்கள் ஜன்னலால் போத்தல் எறிகிறார்கள், வேன் நிற்கும் முன்பே குதிக்கிறார்கள். அதற்காக வாயில் வந்தபடி ஏசுவதா? (அந்த வசனங்களை என் மகன் வீட்டில் அப்படியே ஒப்புவிக்கிறான், அது வேறு கதை.)

பின்சீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தாலே பாதி அடங்கும். மாதக் காசு கொஞ்சம் கூடினாலும் சரி. சம்மதமான பெற்றோர் இன்பொக்ஸில் வாருங்கள், சேர்ந்து போய்க் கதைப்போம். பிள்ளை மேல் கை வைத்தால் மட்டும் கதை பேச்சில்லை, நேரே 1929, சிறுவர் பாதுகாப்பு முறைப்பாட்டு இலக்கம்தான்.