"உங்க இஷ்டம் தம்பி"

ஆபரேஷன் பண்ண அன்னிக்கே வீட்டுக்குப் போறதா, ராத்திரி வார்டுலயே இருக்கறதான்னு பேசினப்போ அந்த அம்மா சொன்னது இந்த மூணு வார்த்தைதான், உங்க இஷ்டம் தம்பி. வீட்டுக்குப் போக சரின்னு நான் அதை எடுத்துக்கிட்டேன்.

காலைல முதல் கேஸ். முதுகுல ஊசி போட்டு பண்ண இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன், மதியமே கால் மரத்துப்போனது விட்டுருச்சு. முதல் தடவை எழுப்பி நிக்க வச்சப்போ தலை லேசா சுத்துதுன்னாங்க, பிபி கொஞ்சம் இறங்கியிருந்துச்சு, படுக்க வச்சு டிரிப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி நிக்க வச்சோம், அப்போ நல்லா நின்னாங்க. வாக்கரோட நடந்தாங்க, யூரின் போயிட்டாங்க, படி ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் பண்ண கால் முதல்லன்னு ஒரே தடவைல புடிச்சுக்கிட்டாங்க. இருதயக் கோளாறு இல்ல, தூக்கத்துல மூச்சு நிக்கற பிரச்சனை இல்ல. வீட்ல யாரு இருக்கான்னு கேட்டேன், பையன் இருக்கான்னாங்க. வீட்டுக்கு அனுப்பலாமான்னு பாக்கற ஷீட்ல எல்லா கட்டத்துலயும் டிக் விழுந்துருச்சு.

அப்புறம்தான் கேட்டாங்க, "ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா தம்பி?" நான் உடனே, "ஒன்னும் ஆகாதும்மா, ஆனா உடனே போன் பண்ணுங்க, இருக்கணும்னா இருக்கலாம், போகலாம்னாலும் போகலாம்"னு சொன்னேன். அதுக்கு வந்த பதில்தான் அது.

வீட்டுக்குப் போன அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூமுக்கு எழுந்து கதவுகிட்ட கண்ணு இருட்டி விழுந்துட்டாங்க. மறுநாள் எக்ஸ்ரே எடுத்தா மூட்டு விலகல, எலும்பு உடையல, நெத்தில மட்டும் வீக்கம். பையன் மாடில தூங்கிட்டு இருந்திருக்கார். ஏன்மா கூப்பிடலன்னு கேட்டதுக்கு, அவன் காலைல வேலைக்குப் போகணுமேன்னாங்க.

நான் செஞ்சதுல தப்பு இல்லன்னுதான் எல்லாரும் சொன்னாங்க, நானும் அதைத்தான் சொல்லிக்கறேன். வார்டுல இருந்தா மட்டும் விழ மாட்டாங்களா, பெல் அடிக்காம தானா எழுந்து விழுந்தவங்களை நானே பாத்திருக்கேன். 1962-ல இங்கிலாந்துல சார்ன்லிங்கற டாக்டர் இந்த மூட்டை வைக்க ஆரம்பிச்ச காலத்துல வாரக்கணக்குல படுக்க வச்சாங்க, அப்படிப் படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் கட்டும், நெஞ்சுல சளி கட்டும், சீக்கிரம் எழுப்பி நடக்க விடறது நல்லதுன்னு தெரிஞ்சுதான் நாம இவ்ளோ தூரம் வந்திருக்கோம். ஆள் பாத்து அனுப்பினா அன்னிக்கே வீட்டுக்குப் போறதுல ஆபத்து கூடறதில்ல, இதை நான் நம்பறேன், இப்பவும்.

ஆனா அந்த "ஆள் பாத்து"ங்கறதுல என்னத்தைப் பாக்கறோம்? நிக்கும்போது பிபி இறங்கறது அன்னிக்கு சாயங்காலத்தோட முடியறதில்ல, சிலருக்கு மறுநாளும் வரும், வலி மாத்திரை அதைக் கூட்டும். இது எனக்குத் தெரியும். மதியம் ஒரு தடவை தலை சுத்தினதும் தெரியும். ரெண்டாவது தடவை நல்லா நின்னதை நான் எழுதி வச்சேன், முதல் தடவையும் ஷீட்ல இருக்கு, மறைக்கல, ஆனா என் மனசு ரெண்டாவதைத்தான் கணக்குல வச்சுக்கிச்சு. பயமா இருக்குன்னு வாய்விட்டு சொல்ல முடியாதவங்க உங்க இஷ்டம்னுதான் சொல்வாங்க, என் பாட்டி அப்படித்தான் சொல்வாங்க, எனக்குப் புரியாத பாஷை இல்லையே அது. இருங்கம்மா, நாளைக்குப் போலாம்னு நான் சொல்லணும்னு காத்திருந்தாங்களோன்னு இன்னும் தோணுது. இல்ல, நடந்ததுக்கு அப்புறம் நானா அப்படி அர்த்தம் பண்ணிக்கறேனா, அதுவும் தெரியல.

தையல் பிரிக்க வந்தப்போ சிரிச்சுக்கிட்டே, "நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே படி ஏறுறேன் தம்பி"ன்னாங்க. அன்னிக்கு இருக்கணும்னு நினைச்சீங்களாம்மான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல.

இப்பல்லாம் வீட்ல யாரு இருக்கான்னு கேக்கறதில்ல, ராத்திரி பாத்ரூம் போகும்போது யாரை எழுப்புவீங்க, அவங்க எந்த ரூம்ல படுப்பாங்கன்னு கேக்கறேன். போன வாரம் ஒரு பெரியவர், எல்லா டெஸ்டும் பாஸ், கடைசில அவரும் உங்க இஷ்டம் சார்ன்னார். நான் டாக்டர்கிட்ட பேசி ஒரு நாள் இருக்க வச்சேன். ராத்திரி முழுக்க பக்கத்து பெட் சத்தத்துல அவருக்குக் கண்ணே மூடல, ஒரு தடவைகூட தலை சுத்தவும் இல்ல. காலைல கிளம்பும்போது, "நேத்தே போயிருக்கலாம் சார், நீங்க சொன்னதாலதான் இருந்தேன்"னார்.