திருக்கோவில் வீதியில் நடுங்கிய பிள்ளையார்

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அம்மாவைத் திருக்கோவிலுக்கு அழைத்துச் செல்வதாகச் சென்ற ஆண்டே வாக்குக் கொடுத்திருந்தேன். மட்டக்களப்பிலேயே மாமாங்கத் தீர்த்தக்குளம் இருக்க, அதே நாளில் ஏறத்தாழ 75 கிலோமீற்றர் தெற்கே போவானேன் என்று அயலவர் கேட்டார்கள். அப்பா ஆண்டுதோறும் சித்திரவேலாயுத சுவாமி கோவிற் கடற்கரையிலேயே தம் தகப்பனாருக்கு விரதம் முடித்தவர். அவருக்குரியதையும் அங்கேதான் செய்ய வேண்டும் என்பது அம்மாவின் முடிவு. சென்றதும் அப்பா விட்டுப்போன 1996ஆம் ஆண்டுக் கொரோலா 110 காரில்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றத்தில், அதை விற்றுவிட்டு வேறொன்று வாங்கும் எண்ணத்தை நான் கைவிட்டிருந்தேன்.

காரின் நோய் மூன்று மாதத்துப் பழையது. நிறுத்தத்தில் நிற்கும்போது எஞ்சின் குலுங்கும்; டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் சிறிய பிள்ளையாரின் துதிக்கை இரண்டாகத் தெரியுமளவுக்கு நடுங்கும். அக்சிலேற்றரை மிதித்தால் ஒரு கணம் யோசித்துவிட்டே நகரும். ஊரில் ஒரு கராஜில் பிளக் நான்கையும், பிளக் வயர்களையும், பெற்றோல் பில்டரையும் மாற்றினார்கள். 30,000 ரூபாய்க்கு மேல் கரைந்தது, நடுக்கம் கரையவில்லை. எதையும் சோதிக்காமல் ஊகித்து ஊகித்துச் சாமான் மாற்றுவதை வைத்தியம் என்று ஏற்றுக்கொண்டது என் தவறுந்தான்.

அதிகாலையில் கல்லடிப் பாலத்தின் மெல்லிய ஏற்றத்திலேயே கார் முனகியது. காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி கடந்து கல்முனைக்குள் நுழைந்தபோது நன்றாக விடிந்து சந்தை கூடிவிட்டதால், ஊர்ந்து ஊர்ந்து சென்ற அரை மணி நேரத்தில் எஞ்சின் இரண்டு தடவை நின்றது. அம்மா ஒன்றும் பேசாமல் பிள்ளையாரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். காரைதீவு, நிந்தவூர் தாண்டி அட்டாளைச்சேனையை அடைந்ததும், வீதியோரத்தில் தகரக் கூரையுடன் தென்பட்ட ஒரு கராஜின் முன் ஓரங்கட்டினேன்.

கராஜ்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்போம்) உடனே பொனட்டைத் திறக்கவில்லை. சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் தடவி, ஒட்டிய கரியைப் பார்த்தார். பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார்: "தம்பி, பாதி மிதிச்சா இழுக்காதா, முழுசா மிதிச்சாலும் இழுக்காதா?"

மூன்று மாதமாக ஒருவரும் கேட்காத கேள்வி அது. யோசித்தபோதுதான் எனக்கே விளங்கியது: முழுதாக அழுத்தினால் கார் ஓரளவு பாய்கிறது, பாதியில்தான் மூச்சு முட்டுகிறது. அவர் தலையசைத்துவிட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, றப்பர் பிடியுள்ள குறட்டினால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். நான்கிலும் சத்தம் ஒரேயளவு விழுந்ததால், எந்தச் சிலிண்டரும் செத்துக் கிடக்கவில்லை என்பது உறுதியாயிற்று. அடுத்து எஞ்சினை நிறுத்தி, பொனட்டுக்குள் இருக்கும் சோதனைப் பெட்டியில் இரண்டு துளைகளை ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் விளக்கு இடைவிடாமல் ஒரே சீராகக் கண் சிமிட்டியது. கம்பியூட்டரின் நினைவில் பிழை எதுவும் பதியவில்லை என்று பொருள். கழற்றிப் பார்த்த புதுப் பிளக்குகளோ அடுப்புக்கரி போலிருந்தன.

அதன்பின் அவர் கை நேராகச் சென்றது ஒரு சாண் நீள றப்பர்க் குழாய்க்கு. இந்த எஞ்சின் உள்ளே போகும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. இன்டேக் மனிபோல்டின் அழுத்தத்தை அந்தக் குழாய் வழியாக மெப் சென்சர் உணர்ந்து சொல்ல, கம்பியூட்டர் அதைக்கொண்டே பெற்றோலைக் கணக்கிடுகிறது. எஞ்சின் சும்மா ஓடும்போது மனிபோல்டில் அழுத்தம் மிகக் குறைவு. குழாய் வெடித்து வெளிக்காற்றுப் புகுந்தால் அழுத்தம் கூடியதாகச் சென்சர் அறிவிக்கும், கம்பியூட்டர் அதை நம்பித் தேவைக்கு மேல் பெற்றோலை ஊற்றும், எஞ்சின் திணறும். முழுதாக மிதிக்கையில் மனிபோல்டின் அழுத்தமே ஏறக்குறைய வெளிக்காற்றளவுக்கு வந்துவிடுவதால், அந்தப் பொய்யறிக்கை அப்போது மட்டும் மெய்யாகிவிடுகிறது. காக்காவின் கேள்வியின் சூட்சுமம் அதுதான். சென்சர் பழுதில்லாமல் வழக்கமான எல்லைக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்ததால் விளக்கும் காட்டிக்கொடுக்கவில்லை.

குழாயை அவர் மெல்ல வளைத்தபோது, மனிபோல்டில் மாட்டும் நுனிக்கருகே கோடாகக் கிடந்த வெடிப்பு மீன் வாய் போலத் திறந்தது. எஞ்சின் சூட்டில் இருபது வருடத்துக்கு மேல் வெந்த றப்பர் அது. அந்த நாட்களில் வீசிய கச்சான் காற்றில் என் உதடுகூட அப்படித்தான் வெடித்திருந்தது. நுனியை ஒரு அங்குலம் வெட்டியெறிந்துவிட்டு நல்ல பகுதியை இழுத்து மாட்டினார். பிளக்குகளைக் கம்பித் தூரிகையால் உரசிப் பூட்டினார். "இது திரும்பிப் போகும் வரைக்கும்தான். ஊருக்குப் போய்ப் புதுக் குழாய் போடுங்க" என்றவர், கூலியாக 1,000 ரூபாய்க்கு மேல் வாங்க மறுத்துவிட்டார்.

ஸ்டார்ட் செய்ததும் பிள்ளையார் அசையாமல் அமர்ந்திருந்தார். அக்கரைப்பற்று, தம்பிலுவில் வழியே பாதி மிதியிலேயே கார் ஓடியது. திருக்கோவிலில் காரை வெகு தொலைவில் நிறுத்திவிட்டு மணலில் நடக்க வேண்டியிருந்தது. நாங்கள் கடற்கரையை அடைந்தபோது சுவாமி தீர்த்தமாடி முடிந்திருந்தாலும், சனம் இன்னும் கடலுக்குள்தான் நின்றது. அம்மா சேலையைச் செருகிக்கொண்டு அலைக்குள் இறங்கினார்.