சக்கையை அறுத்துக் கொடுங்கள்

சக்கை காலம், அதாவது பலாப்பழக் காலம் வந்துவிட்டால் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் யாரைப் பார்த்தாலும் "ரெண்டு சக்கை கொண்டு போங்களேன்" என்பார்கள். தக்கலை, கருங்கல், குலசேகரம் பக்கமெல்லாம் தோட்டம் உள்ள வீடுகளில் ஒரு பலாமரமாவது நிற்கும். காய்ப்பதைத் தின்று தீர்க்கத்தான் ஆள் இல்லை. கொடுக்கும் மனசு எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் 10 கிலோ சக்கையைக் கொண்டுபோய், தனியாக இருக்கும் ஒரு ஆச்சியின் திண்ணையில் வைத்துவிட்டு வந்தால் அவர் அதை என்ன செய்வார்? வெட்ட வலு இல்லை. பால் கையில் ஒட்டினால் லேசில் போகாது. இரண்டு நாளில் பழுத்து அழுகினால், அள்ளிப் போடுவதற்கும் ஆள் தேட வேண்டும்.

அதனால் நான் சுளையாகத்தான் கொடுக்கிறேன். பழைய பேப்பர் விரித்து, கத்தியிலும் கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, நாலாகப் பிளந்து, நடுத்தண்டைச் சீவி எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கெட்டிச் சுளை உள்ள வருக்கை என்றால் சுளை அப்படியே பெயர்ந்து வரும். மெத்தென்ற சுளை உள்ள கூழன் வகை குழைந்துவிடும், அதை அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். கொட்டையைத் தனியாக எடுத்து, மேல்தோல் உரித்துக் கொடுத்தால் வயதானவர்களுக்குக் குழம்பு வைக்க அவ்வளவு உதவி. சர்க்கரை இருக்கிறவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுவேன். பழம் வேண்டாம், அவித்துத் தின்னக் காய் போதும் என்று சொல்கிறவர்களும் உண்டு. சக்கைக்குக் காசு ஒன்றும் இல்லை. ஒரு சாயங்காலம் போகும், அவ்வளவுதான். அந்தச் சாயங்காலத்தைத்தான் நாம் கொடுக்கிறோம் என்று நினைக்கிறேன்.

இந்தக் காலத்தில்தான் கடற்கரையில் மீன்பிடித் தடையும் வரும். நம் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகளுக்குத்தான் தடை, வள்ளங்கள் என்கிற நாட்டுப்படகுகள் போகும். ஆனாலும் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவின் பாத்திரம் அந்த மாதங்களில் பாதிதான் நிறைந்திருக்கும். சுளையும், ஒரு மூடு (ஒரு செடியின்) மரச்சீனியும், அதாவது மரவள்ளிக் கிழங்கும் எடுத்து வைத்தால், "வெறும் கையோட எப்படி வாங்குவேன்?" என்று ஒரு கை சாளை மீனை அள்ளிப் போட்டுவிட்டுத்தான் வாங்குவார். நான் அதை மறுப்பதே இல்லை. வேண்டாம் என்று சொன்னால் அடுத்த தடவை நம் வீட்டுப் படி ஏற மாட்டார்.

பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர், "ஒரு கை பிடிங்க" என்று யாரையும் கூப்பிடாமல் தானே இறக்கி வைத்து, தானே ஏற்றிக்கொண்டு போகிற உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக வைக்கும் வழக்கம். எனக்கு அதைவிடப் பெரிய தர்மம் தெரியாது. வாங்குகிறவர் யாரிடமும் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரிக்குத் துணை போவதையும் சொல்ல வேண்டும். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு வேண்டாம். ஆனால் தனியாகப் போகிற வயதானவருக்கு ஓ.பி. சீட்டு வரிசை, ரத்தப் பரிசோதனை, மருந்து வாங்குமிடம் என்று அலைவதற்கே உயிர் போய்விடும். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கூடப் போகிற எனக்கு ஒரு ரூபாய் செலவில்லை. பழைய சீட்டுகளை ஒரு கவரில் போட்டு, என்றைக்கு என்ன மருந்து மாற்றினார்கள் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். அடுத்த தடவை வேறு டாக்டர் இருந்தாலும் அதைக் காட்டினால் போதும். "நாளைக்குப் போகணுமா?" என்று முந்தின நாளே நாம் கேட்டுவிட வேண்டும். அவர்களாகக் கேட்க மாட்டார்கள், நம்புங்கள்.

அப்புறம் மரச்சீனிக் கம்பு. கிழங்கு பிடுங்கிய பிறகு கம்பை வேலியில் எறிந்து காயவிடுகிறார்கள், பார்த்தாலே மனசு கேட்கவில்லை. நிழலில் நிமிர்த்தி வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. நுனியும் அடியும் கழித்து, நடுப்பகுதியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி நட்டால் முளைத்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: இலையில் மஞ்சள் திட்டு விழுந்து சுருண்ட செடியின் கம்பைக் கொடுத்தால் நோயையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். அது தேமல் நோய், கம்பு வழியாகவும் பரவும். இலை நிற்கும்போதே நல்ல மூடுகளில் துணி கட்டி அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தத் தடவை கம்பைக் கட்டுக் கட்டாக வேலிக்கு வெளியே நிழல் பார்த்துச் சாய்த்து வைத்திருக்கிறேன். தக்கலைக்கு மேற்கே வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நான் வீட்டில் இருக்கிறேனா என்று பார்க்க வேண்டாம், மழை பிடிப்பதற்கு முன்னால் வந்தால் போதும்.