முதலில் தொகையைச் சொல்லுங்கள்

இணையவழிக் கருத்தரங்குகளை ஒருங்கிணைப்பது என் வேலையில் பெரும் பகுதி. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் கல்லூரிகள், அறக்கட்டளைகள், வாசகர் வட்டங்கள் எல்லாம் ஒரே மூச்சில் ஜூமுக்கும் கூகுள் மீட்டுக்கும் மாறின. அந்த ஏப்ரல், மே மாதங்களில் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த அழைப்பிதழ்கள் பலருக்கும் நினைவிருக்கும். பேச்சாளர் படம், தலைப்பு, தேதி, லிங்க், அடியில் ‘அனைவருக்கும் மின்சான்றிதழ் உண்டு’ என்று ஒரு வரி. பேச வந்தவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த இடங்களில் பெரும்பாலும் ஒன்றும் கொடுக்கவில்லை. ஊரே முடங்கிக் கிடந்த நேரத்தில் அது யாருக்கும் உறுத்தவில்லை. ஊரடங்கு போய்விட்டது, அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

நேரில் நடக்கும் கூட்டத்துக்கு ஒரு முறை இருந்தது. ரயில் டிக்கெட், ஸ்டேஷனுக்கு வண்டி, மேடையில் பொன்னாடை, ஒரு புத்தகம், மதியச் சாப்பாடு, கிளம்பும்போது கவரில் மதிப்பூதியம். கவருக்குள் இருப்பது சின்னத் தொகையாக இருந்தாலும், மற்றதெல்லாம் சேர்ந்து வந்தவரை மதித்தோம் என்று காட்டிவிடும். சாப்பாட்டு நேரத்தில் நாலு மாணவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற கேள்விகள் பேச்சாளருக்கும் நிறைவைத் தரும். ஆன்லைனில் இதில் எதுவுமே இல்லை. பேசி முடித்து ‘லீவ்’ பட்டனை அழுத்தினால் அவர் தன் வீட்டு அறையில் தனியாக இருக்கிறார். மற்ற மரியாதைகள் எல்லாம் போய்விட்ட இடத்தில் பணமாவது கொஞ்சம் கூடியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. பட்ஜெட்டில் ஹால் வாடகை, சாப்பாடு, வண்டி என்ற வரிகளை அடித்தவர்கள் அதே கையோடு மதிப்பூதியத்தையும் அடித்துவிட்டார்கள். ‘வீட்டில் இருந்தபடியே ஒரு மணி நேரம் பேசப் போகிறார், அதற்கும் பணமா?’ என்ற கேள்வியை நான் எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன்.

ஒரு மணி நேரம் என்பதே கணக்கில் பிழை. படித்துக் குறிப்பெடுத்து ஸ்லைடு தயார் செய்ய ஓரிரு நாள் மாலைகள் போகும். முதல் நாள் ஒலி, ஒளி சோதனை. நிகழ்ச்சி அன்று அரை மணி முன்னதாகவே உள்ளே வந்து காத்திருக்க வேண்டும். வரவேற்புரை, முதல்வர் உரை, அறிமுக உரை எல்லாம் முடிந்து அவர் முறை வரும். பிறகு கேள்வி நேரம், நன்றியுரை. அரை நாள் போய்விடுகிறது. அதோடு, எதிரே இருப்பவை பெயர் மட்டும் எழுதிய கறுப்புக் கட்டங்கள். ஒரு தலையாட்டல் கிடையாது, சிரிப்பு கிடையாது. நேரில் பேசுவதைவிட இது கடினம் என்றுதான் நல்ல பேச்சாளர்கள் எல்லோருமே என்னிடம் சொல்கிறார்கள்.

பணத்தை எப்போது பேச வேண்டும் என்பதை எனக்குத் தெளிவாகக் காட்டியவர் திருவண்ணாமலைப் பக்கத்துத் தெருக்கூத்து வாத்தியார் ஒருவர். நாட்டார் கலைகள் பற்றிய தொடர் ஒன்றுக்காக அவரைப் போனில் அழைத்தேன். தலைப்பு, தேதி, நேரம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“சரிம்மா, பேசினா மட்டும் போதுமா, ஆடிக் காட்டணுமா?”

“ஆடியும் காட்டினால் நல்லா இருக்கும் ஐயா.”

“அப்போ மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை மூணும் வேணும். திரை பிடிக்க ரெண்டு ஆளு. எல்லாருக்கும் சேர்த்து என்னம்மா குடுப்பீங்க?”

குரலில் கோபமோ தயக்கமோ இல்லை. கூத்துக்குப் பேச வருகிற ஊர்க்காரர்களிடம் அவர் வழக்கமாகக் கேட்பதைத்தான் என்னிடமும் கேட்டார். அங்கே வெற்றிலை பாக்கு வைத்துப் பேசும்போதே எந்த நாடகம், எத்தனை மணிக்கு வர வேண்டும், எவ்வளவு என்பதெல்லாம் முடிவாகி முன்பணமும் கைமாறிவிடும். பங்குனி, சித்திரையில் தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், இருக்கும் ஒவ்வொருவருக்கும் வருமானம் வரும் காலம் அதுதான். 2020இலும் 2021இலும் அந்த மாதங்கள் ஊரடங்கிலும் கட்டுப்பாடுகளிலும் போய்விட்டன. அப்படிப்பட்ட ஒருவரை அழைத்து, ‘உங்கள் கலையைப் பரப்ப இது ஒரு வாய்ப்பு’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

நிர்வாகத்திடம் போனேன். ஒரு பேச்சாளருக்கு இவ்வளவு என்று அங்கே ஒரு விதி இருந்தது. இவர் ஒரு பேச்சாளர், ஆகவே ஒரு தொகை. மிருதங்கக்காரருக்கு எந்தத் தலைப்பில் பணம் எழுதுவது என்று கேட்டார்கள். பேராசிரியர் ஸ்லைடு போடுகிறார், இவருக்கு மிருதங்கமும் முகவீணையும்தான் ஸ்லைடு என்று விளக்க வேண்டியிருந்தது. வாதாடித்தான் வாங்கினேன். பாதிப் பணத்தை முன்கூட்டியே அனுப்பினோம்.

முதல் நாள் ஒத்திகையில் இன்னொரு சிக்கல். மிருதங்கச் சத்தம் எங்களுக்கு வரவே இல்லை, விரல் அசைவது மட்டும் தெரிந்தது. பின்னணி இரைச்சலைக் குறைக்கிற ஜூமின் வசதி, மிருதங்கத்தையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டிருந்தது. ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பைத் தேடிப் பிடித்துப் போட்ட பிறகு எல்லாம் கேட்டது. இதற்குள் பாதி நாள் போய்விட்டது, அதுவும் முழுச் செட்டுக்கும். ஒத்திகைக்கும் சேர்த்துத்தான் தொகை என்று முன்பே பேசியிருந்ததால் யார் முகமும் சுருங்கவில்லை. மறுநாள் வீட்டு வாசலில் இரண்டு பையன்கள் திரை பிடிக்க, பேத்தி போனைப் பிடிக்க, திரைக்குப் பின்னால் இருந்து விருத்தம் பாடிக்கொண்டே கர்ணன் வந்தார். அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி முடிக்கவே அவருக்குச் சில மணி நேரம் பிடித்திருந்தது. நாங்கள் அழைப்பிதழில் போட்டிருந்த நேரம் 60 நிமிடங்கள்.

மின்சான்றிதழ் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லூரி ஆசிரியருக்கு அதனால் பயன் இருக்கிறது. பதவி உயர்வுக் கோப்பில் வைக்கலாம். மாதச் சம்பளமும் அவருக்கு வந்துவிடுகிறது, அலுவலக நேரத்திலேயே பேசுகிறார். கூத்துக் கலைஞருக்கும் இயற்கை விவசாயிக்கும் எந்த நிறுவனத்திலும் இல்லாத மொழிபெயர்ப்பாளருக்கும் அந்தச் சான்றிதழ் எதற்கு? அன்றைய வேலையை விட்டுவிட்டு வருபவர்கள் அவர்கள்தான். ஆனால் பல இடங்களில் தலைகீழாக நடக்கிறது. பெயர் பெற்றவருக்குக் கேட்பதற்கு முன்பே ஒரு நல்ல தொகை போகிறது. பெயர் இல்லாதவருக்கு ‘வாய்ப்பு’ போகிறது. ஒரே தொடரில் பேசுகிற எல்லோருக்கும் ஒரே அடிப்படைத் தொகை, சம்பளம் இல்லாதவர்களுக்குக் கூடுதல் தொகை என்பதுதான் என் கட்சி. வேண்டாம் என்பவர்கள் அவர்களாகச் சொல்லட்டும். அரசுப் பணியில் இருப்பவர்கள் சிலர் துறை அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லி மறுப்பார்கள். வேறு சிலர் அந்தத் தொகைக்கு மாணவர்களுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்கச் சொல்வார்கள். அது அவர்கள் முடிவு. அவர்கள் சார்பில் நாமே முடிவெடுத்து, ‘அவர் பணம் எதிர்பார்க்க மாட்டார்’ என்று சொல்வது சரியில்லை.

கைக்காசு போட்டு மாதம் ஒரு கூட்டம் நடத்தும் சின்ன வாசகர் வட்டங்களை நான் குறை சொல்லவில்லை. அங்கே யாருக்கும் வருமானம் இல்லை. ‘எங்களிடம் பணம் இல்லை, இருந்தும் உங்களைக் கேட்க ஆசைப்படுகிறோம்’ என்று முதலிலேயே சொல்கிறார்கள், அது போதும். பங்கேற்பாளர்களிடம் பதிவுக் கட்டணம் வாங்கி, வருடாந்தர ஜூம் சந்தா கட்டி, போஸ்டர் வடிவமைத்தவருக்கும் பணம் கொடுத்துவிட்டு, பேச வந்தவருக்கு மட்டும் நன்றி சொல்லி அனுப்பும் நிறுவனங்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

பணம் கொடுப்பது என்று முடிவான பிறகும் அது போய்ச் சேர்வது தனிக்கதை. பான் கார்டு நகல், பாஸ்புக்கின் முதல் பக்கம், கையெழுத்திட்ட வவுச்சர். தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்வார்கள். பக்கத்தில் தபால் நிலையமோ பிரின்டரோ இல்லாதவருக்கு இது அரை நாள் அலைச்சல். இப்போது நாங்கள் ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சரையே தபாலில் அனுப்பி, திருப்பி அனுப்புவதற்கான உறையையும் உள்ளே வைத்துவிடுகிறோம். வங்கி இணைப்புகளின்போது ஒரு குழப்பம் வந்தது. சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரலில் கனரா வங்கியோடு சேர்ந்தது, பழைய ஐஎஃப்எஸ்சி எண்கள் 2021 ஜூலை முதல் செல்லவில்லை. பழைய பாஸ்புக்கைப் பார்த்து அனுப்பிய பணம் திரும்பி வந்தது. வந்ததை யாரும் பேச்சாளருக்குச் சொல்லவில்லை என்றால், நாம் ஏமாற்றிவிட்டோம் என்றுதானே அவர் நினைப்பார்?

வரிப் பிடித்தத்தையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தொழில்முறைக் கட்டணத்துக்கு 10 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் ஒரே நிதியாண்டில் ஒருவருக்குக் கொடுப்பது 30,000 ரூபாயைத் தாண்டினால்தான் என்று இருந்தது, 2025 ஏப்ரலில் அந்த வரம்பை 50,000 ஆக்கினார்கள். 3,000 ரூபாய்க்கே 300 ரூபாய் பிடித்துக்கொண்டு அனுப்பும் கணக்குப் பிரிவுகளை இன்றும் பார்க்கிறேன். வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யாத ஒருவர் அந்த 300 ரூபாயை எப்படித் திரும்பப் பெறுவார்?

வெளிநாட்டுப் பேச்சாளர் என்றால் இந்த வரம்பே கிடையாது, விதிகள் வேறு, படிவங்களும் வேறு. யாழ்ப்பாணத்தில் இருந்து பேசிய ஆய்வாளர் ஒருவருக்கு வங்கிவழி அனுப்பப் பார்த்தோம். படிவங்களின் பட்டியலும் வங்கிக் கட்டணமும் தொகையையே விழுங்கிவிடும் போலிருந்தது. அவரிடம் நிலைமையைச் சொன்னேன். “அப்ப எனக்கு வேண்டிய புத்தகங்களை வாங்கி அனுப்பிவிடுங்கோ” என்று ஒரு பட்டியல் கொடுத்தார். பேசிய தொகைக்குக் குறையாமல் புத்தகங்கள் போயின, தபால் செலவு எங்களுடையது.

அப்புறம் பதிவு. நேரில் பேசிய பேச்சு அன்றோடு முடிந்துவிடும். ஆன்லைன் பேச்சு யூடியூபில் ஏறி, அடுத்த வருட மாணவர்களுக்கும் பாடமாகிறது. சில இடங்களில் அதே பதிவைக் கட்டண வகுப்பிலும் சேர்த்துவிடுகிறார்கள். பேசியவரிடம் கேட்பதுகூட இல்லை. பதிவு செய்யலாமா, எங்கே போடுவோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்பதை அழைப்புக் கடிதத்திலேயே எழுத வேண்டும். காசு வாங்கிக் காட்டுவதாக இருந்தால் அதற்குத் தனித் தொகை பேச வேண்டும். அந்தக் கூத்தின் பதிவு எங்கள் மாணவர்களுக்குள் மட்டும்தான் இருக்கிறது. வாத்தியார் அப்படித்தான் கேட்டார்.

இப்போது எங்கள் அழைப்புக் கடிதத்தின் இரண்டாவது பத்தியிலேயே தொகையும், நிகழ்ச்சி முடிந்து ஏழு நாட்களுக்குள் பணம் வரும் என்பதும், வராவிட்டால் அழைக்க வேண்டிய என் எண்ணும் இருக்கின்றன. அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் ‘பக்கவாத்தியம், உதவியாளர்கள்’ என்று தனியாக ஒரு வரி கேட்டிருக்கிறேன். கணக்குப் பிரிவு ஒப்புக்கொண்டுவிட்டது, நிர்வாகக் குழு இன்னும் கையெழுத்துப் போடவில்லை.