ரிமோட்டில் சார்ஜ் நிற்கவில்லை: பேட்டரியை மாற்றும் முன் அளந்து பார்த்தது

டிவி, ஆம்ப்ளிஃபயர், மீடியா பிளேயர் மூன்றையும் ஒன்றாக இயக்கும் ரிமோட் ஒன்று வைத்திருக்கிறேன். சின்னத் திரை உண்டு. உள்ளே ஒரே ஒரு லித்தியம் அயான் பேட்டரி, சார்ஜ் செய்ய ஒரு ஸ்டாண்ட். ராத்திரி முழுக்க ஸ்டாண்டில் இருந்தாலும் மறுநாள் மதியத்துக்குள் திரை அணைந்துவிடும். கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "பேட்டரி போயிடுச்சு, புதுசு போடு." இருக்கலாம். ஆனால் புதியது போட்ட பிறகும் இதே தொல்லை தொடர்ந்தால் காசும் போய், காரணமும் தெரியாமல் நிற்க வேண்டும். அதனால் முதலில் அளந்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தொட்டியில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் காரணம் மூன்றுதான். தண்ணீர் சரியாக ஏறவில்லை, தொட்டி ஒழுகுகிறது, அல்லது எங்கோ ஒரு குழாய் திறந்தே கிடக்கிறது. ரிமோட்டுக்கும் இதே கேள்விகள்தான். மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

பேட்டரியின் மேல் 3.7 வோல்ட் என்று அச்சடித்திருந்தாலும், முழுதாக ஏறியவுடன் 4.2 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வந்தால் காலி. ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் கழற்றி அளந்தேன்: 3.75. ஆக, சரியாக ஏறவே இல்லை. அடாப்டரில் 5 வோல்ட் ஒழுங்காக வந்தது. ஸ்டாண்டின் பின்களிலும் வந்தது. ஆனால் எதுவும் இணைக்காமல் அளக்கும்போது வோல்ட்டேஜ் சரியாகக் காட்டுவது பெரிய சான்று இல்லை. தொடும் இடம் மோசமாக இருந்தால், கரண்ட் ஓட ஆரம்பித்ததும் அந்த இடத்திலேயே வோல்ட்டேஜ் விழுந்துவிடும்.

ஸ்டாண்டின் பின்கள் ஸ்பிரிங் வைத்தவை. விரல் நகத்தால் அழுத்தி விட்டால் ஒன்று டக்கென்று எழுந்தது, இன்னொன்று சோம்பலாக, முக்கால் உயரம் வரைதான் வந்தது. ரிமோட்டின் அடியில் இருக்கும் இரண்டு தகடுகளிலும் கைப்பிசுக்கு காய்ந்து கறுப்பாகப் படிந்திருந்தது. அடாப்டரைக் கழற்றிவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்தேன். பஞ்சில் கறுப்பு ஒட்டுவது நிற்கும்வரை. அந்தப் பின்னை ஆல்கஹால் தொட்டு பலமுறை அழுத்தி எடுத்ததில் அதுவும் நன்றாக எழ ஆரம்பித்தது. உப்புத்தாள் மட்டும் போட வேண்டாம். மேலே உள்ள முலாம் தேய்ந்தால் அப்புறம் கறுப்பு இன்னும் சீக்கிரம் படியும்.

அன்று ராத்திரி சார்ஜுக்குப் பிறகு 4.17 காட்டியது. அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் ரிமோட் ஒரு நாளைத்தான் தாண்டியது.

சரி, தொட்டி ஒழுகுகிறதா? நிறைந்த பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்து மறுநாள் அளந்தேன்: 4.16. ஒழுகவில்லை. இதோடு நிறுத்திவிடக் கூடாது. கிழடு தட்டிய பேட்டரியும் சும்மா இருக்கும்போது நல்ல வோல்ட்டேஜ் காட்டும், வேலை கொடுத்தவுடன் சரியும். திரை எரியும்போது அளந்தேன், 4.05-க்குக் கீழே போகவில்லை. பேட்டரி மேல் குற்றம் இல்லை என்று எனக்கு உறுதியானது இங்கேதான்.

மிச்சம் இருப்பது திறந்து கிடக்கும் குழாய். ஒரு துண்டு அட்டையின் இரண்டு பக்கமும் அலுமினியத் தாளை ஒட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொண்டு, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் ரிமோட்டின் பின்னுக்கும் நடுவில் செருகினேன். மீட்டரின் இரண்டு கம்பிகளும் இரண்டு பக்கத்துத் தாளில். இப்போது ரிமோட் குடிக்கும் கரண்ட் எல்லாம் மீட்டர் வழியாகத்தான் போகும். சிவப்புக் கம்பியைப் பெரிய ஆம்பியர் துளையில் போட்டு ஆரம்பிப்பது நல்லது. வேலை முடிந்ததும் மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றிவிட வேண்டும்; அப்படியே பேட்டரியில் வைத்தால் நேரே ஷார்ட்.

திரை அணைந்து ரிமோட் தூங்கும்போது ஒரு மில்லி ஆம்பியர்கூட இருக்கக் கூடாது என்பது என் கணக்கு. மீட்டர் 38 காட்டியது. இது 1000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி. வகுத்தால் 26 மணி நேரம். ஒரு நாளைக்கு மேல் தாங்காததற்குக் காரணம் அப்படியே எண்ணாகக் கண் முன்னால் நின்றபோது வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். சத்தம் குறைக்கும் பட்டன் மட்டும் கீழே போனால் ஒட்டிக்கொண்டு மெதுவாக எழுந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு உறையைப் பிரித்தேன். ரப்பர் விரிப்பின் அடியில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு கார்பன் பொட்டு இருக்கும். அது பலகையில் உள்ள கோடுகளைத் தொட்டால் பட்டன் அழுந்தியதாக ரிமோட் எடுத்துக்கொள்ளும். இந்தப் பட்டனைச் சுற்றிப் பிசுபிசுப்பு. அதனால் ரிமோட் கண் மூடவே இல்லை. ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாக உலர்த்தினேன், பலகையை ஆல்கஹாலில் துடைத்தேன். மறுபடி அளந்தபோது 0.3.

ஒரு சின்ன விஷயம் பாக்கி இருந்தது. கையில் எடுத்ததும் திரை எரிய, இதற்குள் அசைவு சென்சார் இருக்கிறது. சப்வூஃபர் இருக்கும் அலமாரியிலேயே ரிமோட்டை வைத்தால், பாட்டு அதிரும் ஒவ்வொரு தடவையும் திரை எரிந்தது. இடத்தை மாற்றியதும் அதுவும் தீர்ந்தது.

உங்கள் ரிமோட்டில் டைப்-சி துளை இருந்து சார்ஜே ஏறவில்லை என்றால், இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிளை விட்டுவிட்டு, ஒரு முனை பழைய அகல யுஎஸ்பி உள்ள கேபிளில் போட்டுப் பாருங்கள். சில மலிவான சாதனங்களில் இதற்கான சின்ன ரெசிஸ்டர்களை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். பேட்டரி உப்பி, மூடி சரியாக மூடவில்லை என்றால் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். குத்தாமல், அழுத்தாமல் எடுத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டு, அதே அளவில், அதே எண்ணிக்கையில் முனைகள் உள்ள புதியது போடுங்கள்.

எனக்கு இன்னும் அதே பழைய பேட்டரிதான். நிறைந்த நிலையிலேயே சூட்டில் கிடந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் மூப்படையும் என்பதால் எப்போதும் ஸ்டாண்டில் வைப்பதில்லை. திரையில் கட்டம் குறைந்தால் மட்டும் ஒரு ராத்திரி வைக்கிறேன்.