வருமானச் சான்றிதழுக்கு அலையாதீர்கள்: ஒரு குடும்ப வன்முறை மனுவோடு ஏழு மாதம்

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு இலவச வக்கீல் கேட்டுப் போன எங்கள் சுய உதவிக் குழுத் தங்கச்சியிடம், வாசலில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வருமானச் சான்றிதழ் எடுத்துட்டு வாம்மா" என்றார். இ-சேவை மையத்துக்குப் போனால் ரேஷன் அட்டை கேட்டார்கள். அட்டை மாமியார் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. அந்த வீட்டிலிருந்துதான் இரண்டு பிள்ளைகளோடு இரவோடு இரவாக வந்திருந்தாள். இதிலேயே பதினோரு நாள் போய்விட்டது.

சான்றிதழே தேவையில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ஆவது பிரிவில், இலவச சட்ட உதவி பெறத் தகுதியானவர்கள் வரிசையில் பெண்கள் தனியாகவே வருகிறார்கள். வருமான வரம்பு அந்த வரிசையின் கடைசியில் வருகிறவர்களுக்கு. பெண் என்றால் போதும். பன்னிரண்டாவது நாள் வெள்ளைத்தாளில் ஒரு மனு எழுதி, அதிலேயே "பிரிவு 12-ன்படி" என்று போட்டு, ஆதார் நகலோடு கொடுத்தோம். மத்தியானத்துக்குள் வக்கீல் பெயர் வந்துவிட்டது. வாயால் சொல்லியிருந்தால் இன்னொரு நடை. இந்த உதவிக்கு 15100 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது. அங்கே கேட்டுவிட்டுக் கிளம்பியிருந்தால் அந்த நாட்கள் மிஞ்சியிருக்கும்.

நாங்கள் பதினான்கு பேர் கொண்ட சுய உதவிக் குழு. அவள் பெயர், ஊர் எதுவும் இங்கே வராது. வேலையை நான்காகப் பிரித்துக்கொண்டோம். ஒருத்தி எங்கே போனாலும் கூடப் போக வேண்டும், ஒருத்தி கோப்பு பார்க்க வேண்டும், ஒருத்தி பிள்ளைகளை வைத்துக்கொள்ள வேண்டும், ஒருத்தி பணக் கணக்கு. ஆறுதல் சொல்லும் வேலையை யாருக்கும் கொடுக்கவில்லை. அது தானாக நடக்கும், தேவைக்கு மேலேயே நடக்கும். கூடப் போகிற ஆள் அடிக்கடி மாறக்கூடாது என்பதைத்தான் பட்டுத் தெரிந்துகொண்டோம். ஆள் மாறினால், அவள் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அது இன்னொரு அடி.

முதல் இரவு பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்தோம், அடிபட்டு வரும் பெண்கள் தற்காலிகமாகத் தங்கும் சகி மையத்தில் இடம் கிடைத்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து நாள்தான் தங்கலாம் என்பதையும், ஆண் பிள்ளைகளுக்கு வயது வரம்பு உண்டு என்பதையும் போனிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது நாளுக்கான இடத்தை இரண்டாவது நாளே தேட ஆரம்பிக்க வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவதன் நகலை ஏ.ஆர். காப்பி என்பார்கள். பின்னால் கோர்ட்டில் பேசப்போவது அந்த ஒற்றைத் தாள். "எப்படிம்மா அடிபட்டுச்சு?" என்று டாக்டர் கேட்கும்போது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும். நாத்தனார் நின்றால், "வழுக்கி விழுந்துட்டேன்." இவள் விஷயத்தில் அதற்கு முந்தைய வருடத்து ஏ.ஆர். காப்பியில் அப்படித்தான் இருந்தது, எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்து நீட்டியது. இந்தத் தடவை நாங்கள் இருந்தோம். எதால் அடித்தார், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்தோம். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். காயத்தைப் போனில் படம் எடுக்கும்போது ஒன்று நெருக்கமாக, ஒன்று முகம் தெரியும்படி எடுக்க வேண்டும். கன்றிப்போன இடம் மறுநாள், அதற்கு மறுநாள்தான் கறுத்துத் தெரியும். அப்போதும் எடுத்து வையுங்கள்.

மகளிர் காவல் நிலையத்தில் இரண்டு நடை வீண். முதல் நாள் "சம்பவம் நடந்தது எங்க எல்லை இல்ல" என்றார்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்து மனுவுக்கு இந்தப் பேச்சே கிடையாது, 27-ஆவது பிரிவின்படி அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் கோர்ட்டிலேயே போடலாம். கிரிமினல் புகாரையும் எல்லை பார்க்காமல் வாங்கி, உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் பாடு. இரண்டாவது நாள் மனுவை வாங்கினார்கள், ரசீது தரவில்லை. சி.எஸ்.ஆர். என்கிற மனு ரசீது நம்பர் கையில் வராமல் படியிறங்காதீர்கள். மூன்றாவது நாள் நம்பர் கிடைத்தது. கூடவே கணவரை வரவழைத்து, "இனி பிரச்சினை இல்லை, சேர்ந்து வாழச் சம்மதம்" என்று எழுதிய தாளையும் நீட்டினார்கள். களைத்துப்போன பெண் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவாள். "வக்கீலைக் கேட்டுட்டு வர்றோம் மேடம்" என்ற ஒரு வாக்கியத்தை வீட்டிலேயே சொல்லிப் பழக்கியிருந்தோம். அது கை கொடுத்தது.

வன்முறைச் சட்டத்தின்படி புகாரை அறிக்கையாக எழுதும் பாதுகாப்பு அலுவலர் இருப்பது கலெக்டர் அலுவலக வளாகத்தில், மாவட்ட சமூக நலப் பிரிவில். திங்கட்கிழமை போகாதீர்கள். அன்று குறைதீர் நாள், மொத்த வளாகமும் திருவிழாக் கூட்டம், நீங்கள் தேடுகிற ஆள் நாற்காலியில் இருக்க மாட்டார். எங்களுக்கு ஒரு பஸ் காசு அப்படிப் போனது.

அங்கே எழுதுவதைக் குடும்ப நிகழ்வு அறிக்கை என்பார்கள், பேச்சில் டி.ஐ.ஆர். அடி உதை, பாலியல் கொடுமை, வசைச்சொல், பணக்கொடுமை என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. எழுதிக்கொண்டிருந்தவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து "கணவர் குடித்துவிட்டுத் தகராறு" என்று ஒரே வரியில் முடிக்கப் பார்த்தார். தேதி சொன்னால்தான் பகுதி நிரம்பும், அவளுக்கோ தேதி எதுவும் ஞாபகமில்லை. போன வருடத்து காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் என்றாள், பெரியவனுக்குக் காலாண்டுத் தேர்வு நடந்தபோது என்றாள், குழுக் கடன் வாங்கி வந்த அன்றைக்கு என்றாள். கடன் தேதி எங்கள் தீர்மானப் புத்தகத்திலேயே இருந்தது. இரண்டு மணி நேரத்தில் ஒன்பது தேதிகள் தேறின. பணக்கொடுமைப் பகுதியைத்தான் பெரும்பாலும் காலியாக விடுகிறார்கள். அவள் கூலியைப் பிடுங்கியது, நகையை அடகு வைத்தது, வேலைக்குப் போகவிடாதது எல்லாம் அதில் வர வேண்டும்.

இந்த அறிக்கை தாமதமானால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அறிக்கை இல்லாமலே நேரடியாக நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் பிரபா தியாகி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அண்டை வீட்டார் தகவல் சொல்லவும் வன்முறைச் சட்டம் இடம் தருகிறது. நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு எதுவும் வராது. "நமக்கெதுக்கு வம்பு" என்கிறவர்களிடம் 4-ஆவது பிரிவைக் காட்டுங்கள்.

மனுவில் கேட்காதது கிடைக்காது. பாதுகாப்பு உத்தரவு, தங்கும் இடம் அல்லது அதற்கு வாடகை, மாதச் செலவு, பிள்ளைகள் யார் பொறுப்பில், சீர் பொருட்களைத் திரும்பப் பெறுவது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மாமனார் பெயரில் உள்ள வீடு என்றாலும் அங்கே குடியிருந்தவளுக்கு உரிமை கேட்க வழி இருக்கிறது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் வந்த சதீஷ் சந்தர் அகுஜா தீர்ப்பை வக்கீலிடம் ஞாபகப்படுத்துங்கள். சீருக்கு ஆதாரம் எங்கே போவது என்று கவலைப்பட்டோம். கல்யாண ஆல்பத்தில் கழுத்து நகை தெரிந்தது, அடகுக்கடை ரசீது ஒன்று கிடைத்தது, அம்மா வீட்டு மொய் நோட்டு இருந்தது. எல்லாவற்றையும்விட உறுதியானது பித்தளை அண்டா. அதில் அவள் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருந்தன.

இடைக்கால உத்தரவுக்குத் தனி மனுவும் பிரமாணப் பத்திரமும் முதல் நாளே சேர்த்துப் போட வேண்டும். எங்கள் வக்கீல் "அப்புறம் பார்க்கலாம்" என்றார், நாங்கள் விடவில்லை. சட்டத்தில் மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று இருக்கிறது. நடப்பு வேறு. இரண்டு வாய்தா நோட்டீஸிலேயே போனது. வீட்டுக்குப் போனவரிடம் மாமியார் "அவன் ஊர்ல இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆள் எந்த மில்லில், எந்த ஷிப்டில் இருக்கிறார் என்று தெருவில் விசாரித்துச் சொன்னது எங்கள் குழுதான். மூன்றாவது தடவை மில் வாசலிலேயே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். முதல் மனுவிலேயே வேலையிடத்து முகவரியையும் போட்டிருக்கலாம். இதைப் படிப்பவர்கள் போடுங்கள்.

நான்காவது வாய்தாவில் பாதுகாப்பு உத்தரவும், மாதம் 5,000 ரூபாயும். ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் சொன்னபடி ஜீவனாம்சக் கணக்கு மனுப் போட்ட நாளிலிருந்துதான் ஓடும். சான்றிதழுக்கு அலைந்த பதினோரு நாளுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 1,833 ரூபாய். அதை வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் போய்க் கேட்க முடியுமா?

உத்தரவு நகல் இலவசம். ஐந்து ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றைக் காவல் நிலையத்தில் கொடுத்து, நம் நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், போலீஸ் நேரடியாகவே கைது செய்யலாம். பணம் தராததற்கு அந்த வழி பொருந்தும் என்று நினைத்து நிலையத்தில் போய் நின்றோம், வீண் நடை. பாக்கிப் பணத்துக்குக் கோர்ட்டிலேயே தனி மனுப் போட வேண்டும். பணத்தை வங்கிக் கணக்கில் மட்டும் வாங்குங்கள். முதல் மாதம் 2,000 ரூபாயை நீட்டி, 5,000-க்குக் கையெழுத்துக் கேட்டார்கள்.

காகித வேலைகளில் நேரத்தைத் தின்றது போன் நம்பர். ஆதாரில் இருந்தது கணவரின் நம்பர், எந்த ஓடிபி-யும் அவருக்கே போகும். நம்பரை மாற்ற ஆதார் மையத்தில் ஆவணம் எதுவும் வேண்டாம், கைரேகை போதும். அதை முதல் வாரமே செய்யுங்கள். ஏ.டி.எம். கார்டும் அவரிடம்தான். மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் இரண்டு மாதம் அந்தப் பக்கமே போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. வங்கிக்குப் போய்க் கார்டை முடக்கி, நம்பரையும் மாற்றினோம். அவள் போனில் வாட்ஸ்ஆப் இன்னொரு கருவியில் திறந்திருந்ததை ஒரு கல்லூரிப் பையன் கண்டுபிடித்துக் கொடுத்தான். நாங்கள் எங்கே போகிறோம் என்பது அங்கே எப்படித் தெரிகிறது என்று ஒரு மாதம் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

பள்ளிக்கூடத்தில் டி.சி. இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்றார்கள். எட்டாம் வகுப்பு வரை, டி.சி. தாமதம் என்பதற்காக அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டம் 5-ஆவது பிரிவு. தலைமையாசிரியை நல்லவர், சேர்த்துக்கொண்டார். ஆனால் எமிஸ் என்கிற மாணவர் விவர இணையப் பதிவைப் பழைய பள்ளி பொதுத் தொகுப்புக்கு விடுவிக்காததால் பிள்ளைகள் பெயர் ஏறவில்லை. பழைய வகுப்பாசிரியைக்கு ஒரு போன் போட்டதில் மறுநாள் முடிந்தது. யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்று பெயர் எழுதிக் கடிதமும் கொடுத்து வையுங்கள்.

குழுக் கணக்கில் ஒரு தவறு செய்தோம். அவளுக்கு உள்கடன் கொடுத்தபோது, தீர்மானப் புத்தகத்தில் காரணத்தை விளக்கமாக எழுதிவிட்டோம். அந்தப் புத்தகம் குழுக்களின் கூட்டமைப்புக்கும் போகும். அங்கே கணவருக்கு உறவுக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். "குடும்பச் செலவு" என்று எழுதினால் போதும்.

மூன்றாவது மாதம் அவள் திரும்பிப் போய்விட்டாள். சின்னவனுக்குக் காய்ச்சல், ஊரில் பெரியவர்கள் வந்து பேசினார்கள், போனாள். "இவ்வளவு அலைஞ்சோமே" என்று குழுவில் இரண்டு பேர் கொதித்தார்கள். இப்படித் திரும்பிப் போகிறவர்கள் நிறையப் பேர் என்பது இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். நாங்கள் செய்தது இரண்டே காரியம். மனுவை வாபஸ் வாங்க வேண்டாம் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டு வரச் சொன்னோம், ஒரு மிஸ்டு கால் வந்தால் ஆட்டோவோடு வருவோம் என்றோம். கோபத்தில் நாலு வார்த்தை கேட்டிருந்தால் அந்த மிஸ்டு கால் வந்திருக்காது. ஒன்பதாவது நாள் விடியற்காலை நாலரைக்கு வந்தது.

இப்போது தையல் யூனிட்டில் வேலை பார்க்கிறாள். தெருவில் புல்லட் சத்தம் கேட்டால் இன்னும் கை நின்றுவிடும், பக்கத்து மிஷின்காரிக்கு அது தெரியும், பேச்சுக் கொடுப்பாள். ஜீவனாம்சத்துக்காகக் கணவன், மனைவி இருவரும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கோர்ட்டில் தர வேண்டும். அவள் தந்துவிட்டாள். அவர் தரப்பு இரண்டு வாய்தா கடத்திவிட்டது. சம்பளத்தை மில்லிலிருந்தே நேராகப் பிடித்துத் தரச் சொல்லி வன்முறைச் சட்டம் 20(6)-இன் கீழ் மனுப் போட்டிருக்கிறோம். அதற்கு வேண்டிய சம்பளச் சீட்டு நகல் இன்னும் கைக்கு வரவில்லை. வருகிற வியாழக்கிழமை வாய்தா.